ஜிம் மோரிசனின் முதல் கவிதைப் புத்தகம்: அச்சுப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். தி டோர்ஸ் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மோரிசன் எழுதிய 'தி லார்ட்ஸ் அண்ட் தி நியூ கிரீச்சர்ஸ்' அச்சுப் பிரதி உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்களேன். சைமன் அண்ட் ஷுஸ்டர் 1970-இல் வெளியிட்டது. பிந்தைய மறுபதிப்பு என்றாலும் சரி.

என்னிடம் இருக்கும் மின்நூலில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு குறிப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. முதல் பாதிக்கு அந்த இடைவெளிதான் உயிர்நாடி. சினிமாவையும் பார்வையாளனையும் பற்றிய துண்டுக் குறிப்புகள் அவை. மோரிசன் திரைப்படம் படித்தவர் என்பது வரிக்கு வரி தெரியும். 1969-இல் சொந்தச் செலவில் நூறு பிரதிகள் மட்டும் அடித்தபோது, அந்தப் பகுதியைத் தைக்காமல் தனித்தனித் தாள்களாக ஓர் உறைக்குள் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார். அதில் போட்ட பெயரும் ஜேம்ஸ் டக்ளஸ் மோரிசன்! பாடகராக அல்ல, கவிஞராகப் படிக்கப்பட வேண்டும் என்ற அந்த ஆசை என்னை ரொம்பவே பாதித்தது. 1971-இல், 27 வயதிலேயே போய்விட்டார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்து இந்தப் புத்தகம்தான். இரவல் தந்தால் அட்டை போட்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன், தபால் செலவு என்னுடையது. இரவல் தர முடியாவிட்டால், முதல் பகுதியில் பக்கத்துக்கு எத்தனை குறிப்புகள், இடைவெளி எப்படி விட்டிருக்கிறது என்றாவது பார்த்துச் சொல்லுங்கள். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டாலும் உடனே தகவல் கொடுங்கள், ப்ளீஸ்.