வீட்டு டொப்ளருக்குத் தமிழ்ச்சொல்: "துடிப்பு" என்று எழுதலாமா?

திங்கள் இரவு, கிழக்கு லண்டன் (மொழிபெயர்ப்பாளர்)

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கான நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வாசிக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் ஈழத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பெண்கள், அவர்களின் அம்மாமார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். வெள்ளி மதியம் அச்சுக்குப் போகவேண்டும். மூன்று பக்கம் முடிந்தது. நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் நிற்கிறேன்.

வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதய ஒலியைக் கேட்க டொப்ளர் என்ற ஒரு கைக்கருவியை இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அதைப் பற்றிய வாக்கியம். பிள்ளையின் அசைவு குறைந்தால் உடனே மகப்பேற்றுப் பிரிவுக்கு அழையுங்கள், அந்தக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு ஆறுதலாக இருந்துவிடாதீர்கள் என்பதுதான் செய்தி. முதலில் "கருத்துடிப்புக் கருவி" என்று எழுதினேன். மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "ஆற்ற கருத்து?" என்று கேட்டார். புணர்ந்தால் கரு காணாமல் போய்க் கருத்துத்தான் காதில் விழுகிறது.

நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

அன்புடன்.


செவ்வாய் காலை, தஞ்சாவூர் (ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்)

அன்புடையீர்,

"மீயொலி மகவுத்துடிப்புணரி" என்பது என் முன்மொழிவு. மீயொலி என்பது காதுக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலி. கரு என்பது தொடக்க நிலை. கருவி வேலை செய்வது அதன் பின்னர். எனவே கரு வேண்டா. "பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ் தொடங்கி ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்கிறது. பிள்ளையும் அதில் உண்டு. ஆனால் "குழவி மகவுஆ யிரண்டல் லவை கிழவ அல்ல மக்கட் கண்ணே" என்று அதே இயல் வரையறுத்தும் விடுகிறது. மக்களுக்கு உரியவை குழவியும் மகவும் மட்டுமே. ஏனைய ஏழும் விலங்குக்கும் பறவைக்கும் மரத்துக்கும்.

துடிப்பு நல்ல சொல். துடி என்ற பறையும் அதே வேர்தான். "துடியன் பாணன் பறையன் கடம்பன்" என்ற புறநானூற்று அடியை நினைக்க. தாயின் வயிற்றுக்குள் ஒரு சிறு துடி முழங்குகிறது என்று கொண்டால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? "-உணரி" என்ற ஈறு ஏற்கனவே புழங்குகிறது. "-மானி" வேண்டா, மானம் என்ற வடசொல்வழி வந்தது.


செவ்வாய் மதியம், மட்டக்களப்பு (உயர்தர பௌதிகவியல் ஆசிரியர்)

ஐயாவுக்கு வணக்கம்.

மரபியலில் உங்களோடு வாதிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் முன்னொட்டு எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது. இங்கே பாடநூலில் "கழியொலி". "மீயொலி" தமிழ்நாட்டு வழக்கு. துண்டறிக்கை யார் கைக்குப் போகிறது என்று தங்கச்சி எழுதியிருக்கிறா. அதேபோல உள்ளே இருக்கும் உயிருக்கு எங்கள் உயிரியல் புத்தகத்தில் "முதிர்மூலவுரு". அதை ஒரு தாயிடம் சொன்னால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"கேட்கும் கருவி" என்பதையும் திருத்த வேண்டும். இதயம் எழுப்பும் ஒலியை இந்தக் கருவி கேட்பதே இல்லை. இரண்டு, மூன்று மெகாஹேர்ட்ஸ் அளவில் ஓர் அலையை உள்ளே அனுப்புகிறது. அசையும் ஒன்றில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சிறிது மாறியிருக்கும். அந்த வித்தியாசம் நம் காதுக்கு எட்டும் அளவுக்குள் விழுவதால் அதை ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறார்கள். கிறிஸ்டியன் டொப்ளர் 1842இல் பிராக் நகரில் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றிச் சொன்ன அதே தத்துவம். 1845இல் ஒல்லாந்தில் பைஸ் பலோட் என்ற விஞ்ஞானி ரயிலில் எக்காளக்காரரை ஏற்றி ஓடவிட்டு, தண்டவாளத்தோரம் இசைஞர்களை நிறுத்திச் சுரம் மாறுவதைச் சோதித்தார். அவரும் அசைவைத்தான் ஒலியாகப் பிடித்தார்.

உண்மையில் கேட்கும் கருவி என்றால் பினார் என்ற மகப்பேற்று மருத்துவரின் மரக்குழல்தான். 1895இல் பிரான்சில் வந்தது. ஒரு முனை வயிற்றில், மறு முனை மருத்துவிச்சியின் காதில். "கேள்குழல்" என்று அதற்கு வைக்கலாம். இதற்கு வைக்கக்கூடாது.


செவ்வாய் இரவு, மதுரை (மகப்பேறு மருத்துவர்)

ஐயா, சார், தங்கச்சி, எல்லாருக்கும் வணக்கம். வார்டு முடிந்து இப்போதுதான் படித்தேன்.

"துடிப்பு" என்ற சொல்லை மட்டும் இந்தத் துண்டறிக்கையில் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

என் வார்டில் "துடிப்பு தெரியுதாம்மா?" என்றால் பிள்ளை அசைவது தெரிகிறதா என்று அர்த்தம். "ரெண்டு நாளா துடிப்பு கம்மியா இருக்கு டாக்டர்" என்று ஒரு பெண் வந்து நின்றால் அவள் இதயத்தைச் சொல்லவில்லை, உதையைச் சொல்கிறாள். அதே வார்டில் நர்ஸ் "துடிப்பு நூத்திநாப்பது" என்று எழுதும்போது அது இதயம். எங்களுக்குள் குழப்பம் வராது, எண் கூடவே வரும். துண்டறிக்கையைத் தனியாக உட்கார்ந்து படிக்கிறவளுக்கு?

நீங்கள் சொல்ல வந்த செய்தியே இந்த இரண்டையும் பிரிப்பதுதானே. அசைவு குறைந்தால் வா, இதயம் கேட்கிறது என்று இருந்துவிடாதே. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், "துடிப்பு குறைந்தால் துடிப்புக் கருவியில் பார்" என்று தலைகீழாகவே புரிந்துகொள்ள வழியிருக்கிறது. ஏனென்றால் இதயம் கடைசியில்தான் நிற்கும். பிள்ளை சோர்ந்து அசைவைக் குறைத்த பிறகும் இதயம் அடித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014 டிசம்பரில் இந்தக் கருவிகளை வீட்டில் வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது.

பேராசிரியர் ஐயா, துடி பறை அழகான விளக்கம்தான். ஆனால் "குழந்தை துடிக்கிறது" என்று ஒரு தாய் படித்தால் பறை நினைவுக்கு வராது, பதறிப்போவாள்.


புதன் காலை, கிழக்கு லண்டன்

டொக்டர், வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். "பிள்ளை துடிக்குதோ?" என்றால் அசைவுதான். இதை யோசிக்காமல் மூன்று நாளாகத் துடிப்பைச் சுற்றியே சொல் தேடியிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்டால், என் தங்கச்சியும் ஒன்று வாங்கினாள். முப்பத்தொராவது கிழமை. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று சொன்னாள். சோபாவில் சாய்ந்து, ஜெல்லைப் பூசி, கருவியைத் தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பிடித்தாள். உஸ், உஸ் என்று காற்றடிப்பதுபோல ஒரு சத்தம். சின்னத் திரையில் 92. "இருக்குது அக்கா, கேக்குது" என்று சிரித்தாள். நான் சும்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். அதுவும் 92. கருவி காட்டியது அவளுடைய நாடியை. அப்படியே காரில் ஏற்றிக் கொண்டுபோனோம். பிள்ளை சுகமாகப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அந்த 92ஐ நான் மறக்கவில்லை.


புதன் மதியம், மதுரை

தங்கச்சி, அதேதான். பிள்ளையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை அடிக்கும், குதிரை ஓடுகிற மாதிரி. தாயின் நாடி பெரும்பாலும் அறுபதுக்கும் நூறுக்கும் இடையில். உஸ் என்று நீங்கள் கேட்டது தாயின் ரத்தக்குழாய் ஓட்டம். நஞ்சுக்கொடியிலும் அப்படி ஓர் இரைச்சல் வரும். பதற்றத்தில் தாயின் நாடியே நூற்றியிருபதுக்கு ஏறினால் பழகாத காதுக்கு வித்தியாசம் தெரியாது. இதைப் பிரித்துக் கேட்கப் படித்தவர்கள்தான் மருத்துவிச்சிகள். கருவியின் பெயரில் "உணரி" என்று போட்டால் அது உணர்ந்துவிட்டதாக ஆகிவிடுகிறது. எனக்கு அதிலும் சம்மதமில்லை.


புதன் இரவு, தஞ்சாவூர்

மருத்துவர் அம்மையாரின் விளக்கம் கண்டேன். துடிப்பைத் திரும்பப் பெறுகிறேன். தங்கையாரின் கடிதத்தில் "நாடி" என்ற சொல் கிடைத்தது. "மகவுநாடி" எனலாமே. நாடியை வடசொல் என்று தள்ள வேண்டியதில்லை. நாடுதல் என்ற வினையிலிருந்து வந்ததாகக் கொள்ளலாம். "நோய்நாடி நோய்முதல் நாடி" என்று வள்ளுவரே மருந்து அதிகாரத்தில் வைத்திருக்கிறார். மகவை நாடும் கருவி மகவுநாடி.


வியாழன் காலை, மட்டக்களப்பு

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தக் குறளில் வருவது வினையெச்சம். நோயை ஆராய்ந்து என்று பொருள். கையில் பிடித்துப் பார்க்கும் நாடி அங்கே இல்லை. அதை இதற்குச் சான்றாக்க முடியாது. அதோடு "மகவுநாடி" என்றால் பிள்ளை வேண்டி நேர்த்திக்கடன் வைப்பவர் என்றே எனக்குப் படுகிறது.

தங்கச்சி, கடைக்காரன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ, வாங்குகிறவள் வாயில் என்ன வருகிறதோ அதைப் போடுங்கள். வாங்கியவளுக்குத் தன் கையில் இருப்பதுதான் இது என்று தெரியாவிட்டால் எச்சரித்து என்ன பயன்? "டொப்ளர்". முதல் முறை வரும் இடத்தில் விளக்கத்தோடு, பிறகு வெறும் டொப்ளர்.


வியாழன் மாலை, கிழக்கு லண்டன்

எல்லாருக்கும் நன்றி. சேர் சொன்ன வழியில் போகிறேன். தனிமடலில் எழுதிய மூன்று பேரும் அதையே சொன்னார்கள். அச்சுக்குப் போகும் வாக்கியம் இது:

"பிள்ளையின் அசைவு குறைந்தால், அல்லது வழமையைவிட மாறியிருந்தால், உடனே மகப்பேற்றுப் பிரிவுக்கு அழையுங்கள். பிள்ளையின் இதய ஒலியைக் கேட்பதற்கென்று விற்கப்படும் டொப்ளர் கருவியை வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். டொப்ளரில் ஒலி கேட்டாலும் வாருங்கள்."

"விற்கப்படும்" என்ற சொல் சேருக்காக. கேட்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை, அப்படிச் சொல்லி விற்கிறார்கள். கழியொலியும் மீயொலியும் இரண்டுமே தேவைப்படவில்லை. "துடிப்பு" நாலு பக்கத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

"பிள்ளை"யை மாற்றவில்லை, ஐயா. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். இந்த முறை கேள்வி கேட்கவில்லை.


வியாழன் இரவு, தஞ்சாவூர்

தங்கையே,

துண்டறிக்கைக்கு அது போதும், அச்சிடுக. ஒரு தாய் படித்துவிட்டு எழுந்து மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை.

ஆனால் நம் குழுவின் சொற்பட்டியலில் "டொப்ளர்" மட்டும் ஏறுவதை ஏற்கமாட்டேன். ஒருவரின் பெயரையே கருவிக்குப் பெயராக்கிவிட்டால் அடுத்த கருவிக்கும் அதே வழிதான். "இதய ஒலிகாட்டி" என்று பக்கத்தில் எழுதி, முடிவாகவில்லை என்று குறித்துவையுங்கள். மரபியல் நூற்பா பற்றிய என் மறுப்பும் நிற்கிறது. பிள்ளை மக்களுக்கு எப்போது ஏறிற்று என்பதை ஞாயிறன்று தனி இழையில் எழுதுகிறேன்.


வெள்ளி காலை, மதுரை

ஐயா, சொற்பட்டியலில் "துடிப்பு" என்ற உள்ளீட்டுக்கு எதிரே "அசைவு" என்றும் சேர்த்துவிடுங்கள். இப்போது "இதயம்" மட்டும்தான் இருக்கிறது.