மறு: திரை ‘கிழிவதற்கு’ ஒரு சொல் தேவை

வணக்கம். ஒரு கட்டற்ற கணினி விளையாட்டின் அமைப்புப் பட்டியலைத் தமிழாக்கி வருகிறேன். ஆட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது படம் குறுக்கே வெட்டுப்பட்டு, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பொருந்தாமல் நிற்குமே, அதற்கு என்ன சொல்லலாம்? ‘திரைக்கிழிவு’ என்று போட்டேன். பார்த்த நண்பர், “மானிட்டர் உடைந்துவிட்டதா?” என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும்.

———

தம்பி, கிழிவில் பிழையே இல்லை. ‘கிழி’ என்றால் துணி. பொற்கிழியை நினைத்துப் பாருங்கள். மடலேறும் தலைவன் கையில் ஏந்தும் ஓவியத் துணியும் கிழிதான். ஆக, படம் தாங்கும் பரப்பும் கிழி, அது பிரிவதும் கிழிவு. திரையும் முதலில் துணிதானே? சிலம்பின் அரங்கேற்று காதையில் வரும் மூவகை எழினிகளில், அதாவது திரைச்சீலைகளில், பொருமுக எழினி இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது. இங்கேயும் இரண்டு படங்கள் பொருதுகின்றன. ‘பொருமுகம்’ என்றே வைத்தால் என்ன?

———

ஐயா, பொத்தானில் ‘பொருமுகம்’ என்று போட்டால், விளையாடுகிறவன் அது எதிரியின் பெயர் என்று நினைப்பான். :-)

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகக் காட்டி முடிக்க ஏறக்குறைய 16.7 மில்லிநொடி ஆகும். பாதியில் இருக்கும்போதே வரைகலை அட்டை அடுத்த சட்டகத்துக்கு, அதாவது அடுத்த படத்துக்கு (frame), மாறிவிட்டால், மேலே பழையது, கீழே புதியது. எதுவும் கிழியவில்லை, இரண்டு சட்டகங்களின் ஒட்டு தெரிகிறது, அவ்வளவுதான். ‘சட்டக ஒட்டு’ என்பேன்.

அப்புறம், மூலத்தில் ‘மானிட்டர் இயக்கியைப் புதுப்பிக்கவும்’ என்று இருந்தால் எழுதியவரிடம் கேளுங்கள். விண்டோசில் அந்த இயக்கி (driver) பெரும்பாலும் பிரிதிறன், வண்ண விவரங்களைச் சொல்லும் சின்னக் கோப்புதான். இந்தக் கோளாறுக்குத் தொட வேண்டியது வரைகலை இயக்கியை. அதில் உள்ள ‘செங்குத்து ஒத்திசைவு’ (V-Sync) அமைப்பை.

———

அந்தச் ‘செங்குத்து’ எனக்கு மலைச்சரிவைத்தான் நினைவூட்டுகிறது. அங்கே நடப்பது என்ன? ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிவரை அட்டை காத்திருக்கிறது. அதனால்தான் சுட்டியை அசைத்தால் திரை சற்றுப் பிந்தி அசைகிறது. ‘காத்திருப்பு ஒத்திசைவு’ என்றால் நன்மையும் தொல்லையும் பெயரிலேயே தெரியும்.

———

அதை வேறு இழையில் வைத்துக்கொள்வோமே. ‘ஒட்டு’ எனக்கு ஒட்டவில்லை. பயனர் புகார் சொல்வது பிரிந்து தெரிவதைப் பற்றி. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு எதற்கு? ‘படப்பிளவு’. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

———

தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் படப்பிளவுக்குத்தான் ஆள் அதிகம். சரி, அதையே போட்டுவிட்டேன். ‘படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிவது’ என்று உதவிக்குறிப்பும் உண்டு. செங்குத்தை இப்போதைக்குத் தொடவில்லை. மானிட்டர் இயக்கி வரி பற்றி மூலத்தவரிடம் கேட்டிருக்கிறேன்.

———

அனுப்புங்கள், தம்பி. ஆனால் ஒன்று இரண்டானால்தான் பிளவு. இங்கே இரண்டல்லவா ஒன்றாக நிற்கின்றன? எழினி பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.