ஷட்டவுன் செய்த பிறகும் கம்ப்யூட்டர் 34 வாட் இழுக்கிறதா? உதவி தேவை

மதுரைவாசி: போன முறை எங்கள் வீட்டின் இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைக் கொஞ்சமாகத் தாண்டிவிட்டது. தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடுமே, அந்தக் கடுப்பில் எங்கே கசிகிறது என்று தேடினேன். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் மவுஸ் விளக்கு எரிகிறது. எக்ஸ்டென்ஷன் போர்டின் ஒற்றை வயரில் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) போட்டால் 0.15 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 34.5 வாட், இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்! எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டதா? மாற்றிவிடலாமா?

சுவிட்ச்போர்டு: சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். இதற்கு எதற்கு மீட்டர்?

பழைய வயர்மேன்: தம்பி, எஸ்எம்பிஎஸ்-ஐத் தொடாதீங்க. ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர், வாட் இல்லை. அந்த வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்பதுதான் பவர் ஃபேக்டர்; ஷட்டவுன் நிலையில் அது மிகக் குறைவு. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் மின்னோட்டத்தை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும், அதையும் கிளாம்ப் காட்டும். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது வாட்டை மட்டும்தான்.

மீட்டரையே கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று போட்டிருக்கும்; ஒவ்வொரு துடிப்புக்கும் மீட்டரின் சின்ன விளக்கு ஒரு முறை மினுக்கும். 3200 என்றால், 1125-ஐ இரண்டு மினுக்கலுக்கு நடுவே ஆகும் நொடியால் வகுத்தால் வாட். ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு 10 மினுக்கல் எண்ணிச் சராசரி எடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

மதுரைவாசி: நன்றி அண்ணா. என் மீட்டரும் 3200தான். எல்லாம் 'அணைந்த' நிலையில் மினுக்கலுக்கு 22 நொடி, அதாவது 51 வாட். கம்ப்யூட்டரைப் பிடுங்கினால் 24 நொடி. அது இழுத்தது வெறும் 4 வாட். டிவியும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து 12, ரவுட்டர் 8. மீதி 27 வாட் இன்வெர்ட்டர்! முன்பக்க சுவிட்சை அணைத்தும் குறையவில்லை.

பழைய வயர்மேன்: அந்த சுவிட்ச் வீட்டுக்கு பேட்டரி மின்சாரம் போவதை மட்டும் நிறுத்தும், சார்ஜிங் நடந்துகொண்டுதான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருந்தாலே கொஞ்சம் தின்னும், அதுபோக வயதான பேட்டரி கூடுதலாக இழுக்கும். பேட்டரி சூடாக இருக்கிறதா, டிஸ்டில்டு வாட்டர் அளவு சரியா என்று பாருங்கள். யூனிட் மிச்சம் என்று மாதக்கணக்கில் பிளக்கைப் பிடுங்கி வைக்காதீங்க, பேட்டரி கெட்டுப்போகும். புது பேட்டரி விலையில் பல வருட மிச்சம் போய்விடும்.

தேனிக்காரி: அந்த 12 வாட்டில் பெரும்பகுதி செட்டாப் பாக்ஸ்தான் சார். ரிமோட்டில் அணைத்தால் படம் போகும், உள்ளே சிக்னலை வாங்கும் டியூனர் விழித்தே இருக்கும். இப்போதைய டிவிகள் பெரும்பாலும் அரை வாட்டுக்கும் கீழேதான், 'விரைவுத் தொடக்கம்' வசதியை இயக்கி வைக்காத வரை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் வையுங்கள். இரண்டு மாதம் விடாமல் எரியும் ஒவ்வொரு வாட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். இரவும் பகலுமாக 16 மணி நேரம் அணைத்தாலே 11 யூனிட் மிச்சம். உங்களை 500-க்குக் கீழே இறக்க அது போதாதா?

மவுஸ் விளக்கு உறுத்தினால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) 'இஆர்பி' (ErP) என்ற அமைப்பை இயக்குங்கள். அணைத்த பிறகு யுஎஸ்பிக்குப் போகும் 5 வோல்ட்டும் நின்றுவிடும். ஆனால் கீபோர்டைத் தட்டி கம்ப்யூட்டரை எழுப்ப முடியாது.

மதுரைவாசி: பேட்டரியின் இரண்டு செல்லில் தண்ணீர் குறிக்குக் கீழே இருந்தது. நிரப்பிவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்.