பழங்கால உடைகளில் ஈடுபாடுள்ள அக்காவுக்கு விடுமுறைப் பரிசாக எதைக் கொடுக்கலாம்?

புதுநூல் (வினா):

ஆண்டிறுதி விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குச் செல்கிறேன். அவருக்கு வரலாற்று உடைகள் என்றால் உயிர். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவுன்களைக் கையாலேயே தைக்கிறார். வெளியே செல்லும் நாட்களில் 1940களின் பாணியில் உடுத்துகிறார். எனக்கு இத்துறையில் எதுவும் தெரியாது. சென்ற ஆண்டு இணையத்தில் பார்வைக்கு அழகாக இருந்த ஒரு கோர்செட்டை வாங்கிக் கொடுத்தேன். மகிழ்ச்சியோடுதான் பெற்றுக்கொண்டார், ஆனால் அது இன்றுவரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இம்முறை அவர் உண்மையாகவே பயன்படுத்தும் பொருளாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெருந்தொகை செலவிட இயலாது. 1920களைச் சேர்ந்தது என்ற குறிப்போடு, மணிகள் தைத்த பட்டுக் கவுன் ஒன்று இணைய ஏலத்தில் ஓரளவு மலிவாக வந்திருக்கிறது. அதை வாங்கலாமா?

ஊசிமுனை:

முதலில் அந்தக் கோர்செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்தால் அடுத்த தேர்வு எளிதாகும். இன்று ஆயத்தமாக விற்கப்படும் கோர்செட்டுகளில் பெரும்பாலானவை இடையை ஒடுக்கிக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிவத்தைப் பின்பற்றுபவை. தங்கள் அக்கா தைக்கும் கவுன்களுக்கு உள்ளே அணிய வேண்டியது ஸ்டேஸ் எனப்படும் வேறொரு உள்ளாடை. அது உடலை இடை நோக்கிக் குறுகும் கூம்பாக அமைக்கும். அதாவது, அளவு ஒருவேளை பொருந்தியிருந்தாலும் நூற்றாண்டு பொருந்தவில்லை. உடலோடு ஒட்டி அமைய வேண்டிய எதையும் பரிசாக வாங்காதீர்கள்.

ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். அதற்கு முந்தைய நூற்றாண்டின் உடையை அன்றைய முறையிலேயே தைப்பவர், ஒரு கவுனுக்கு வாரக்கணக்கில் ஊசியும் கையுமாக இருப்பார். அவருக்கு ஓயாமல் தீர்ந்துகொண்டே இருக்கும் பொருள்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள்: லினன் நூல், பட்டு நூல், நூல் முறுக்கிச் சிக்காமலிருக்க அதன் மேல் தேய்க்கும் தேன்மெழுகு, மெல்லிய ஊசிகள், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகாத கண்ணாடித் தலை கொண்ட குண்டூசிகள். இவற்றை ஒரு சிறிய மரப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால் அதற்கு ஈடான பரிசு இல்லை என்பது என் கருத்து. இன்னும் சிறிது செலவிட முடியுமானால், நல்ல அகலமான வெள்ளை லினன் துணி மூன்று மீட்டர் வாங்குங்கள். கவுனுக்குள் அணியும் ஷிஃப்ட் என்னும் உள்ளங்கி ஒன்று தைக்க அது போதும். இத்தகைய உடை தைப்பவர்கள் எவரும் தம்மிடம் உள்ள ஷிஃப்ட்டுகள் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பூ வேலைப்பாடுள்ள கையச்சுப் பருத்தித் துணியும் அந்த நூற்றாண்டுக்குப் பொருந்தும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணப் பருத்தித் துணிகளின் மீது ஐரோப்பியர் கொண்ட மோகத்தால் உள்ளூர் நெசவாளர் கொதித்தெழ, பிரான்சு 1686இல் விதித்த தடை 1759 வரை நீடித்தது. தடையையும் மீறி அவற்றை உடுத்தியவர்கள் இருந்தார்கள் என்பது தங்கள் அக்காவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

புத்தகம் வாங்க எண்ணினால், 1660 முதல் 1860 வரையிலான பெண்களின் உடைகளை அளந்து வரைந்து ஜேனட் அர்னால்ட் 1964இல் வெளியிட்ட தொகுதி இத்துறையினருக்கு அடிப்படை நூல். ஆனால் அதனாலேயே அக்காவிடம் அது ஏற்கெனவே இருக்கக்கூடும். அவருடைய அலமாரியை ஒருமுறை நோட்டமிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பழம்பட்டு:

ஏலத்துக்கு வந்த கவுனைப் பற்றி எவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வேண்டாம். கச்சாப் பட்டிலுள்ள பசையை நீக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிடும். பட்டு எடைக்கு விற்கப்பட்ட பொருளாகையால், அந்த இழப்பை ஈடுகட்டவும் துணிக்குக் கனம் கூட்டவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வெள்ளீய உப்புகளை ஊட்டினார்கள். அன்று கனமாகச் சரசரத்த அதே பட்டு இன்று மடிப்பு வாக்கில் நெடுகக் கிழிகிறது. அதற்கு மருந்தில்லை, தைத்தால் ஊசித்துளையிலிருந்தே மேலும் கிழியும். மெல்லிய துணியின் மேல் கண்ணாடி மணிகளின் எடையும் சேர்ந்தால், மாட்டி வைத்த தோள்பட்டையிலேயே அறுந்து விழும். அக்காவால் அதை உடுத்தவும் முடியாது, தொங்கவிடவும் முடியாது. படுக்கை நிலையில் வைக்க நீண்ட பெட்டி ஒன்று தேட வேண்டியிருக்கும். அது பரிசன்று, பொறுப்பு.

வேறு இரண்டு பொருள்களிலும் எச்சரிக்கை தேவை. விலங்கு முடியை அழுத்திச் செய்த பழைய ஃபெல்ட் தொப்பிகளில், செய்யும்போது பயன்படுத்திய பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். ஆமையோட்டுச் சீப்பு, தந்த விசிறி போன்றவை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வருவன. எல்லை தாண்டி அஞ்சலில் வரவழைத்தால் சுங்கத்தில் சிக்கும்.

அவரிடம் ஏற்கெனவே உள்ள பழைய ஆடைகளைப் பாதுகாக்கும் பொருள்களைக் கொடுங்கள். அமிலம் நீக்கிய டிஷ்யூ தாளில் இரண்டு வகை உண்டு: கால்சியம் கார்பனேட் சேர்த்துக் காரத்தன்மை ஊட்டியது பருத்திக்கும் லினனுக்கும் ஏற்றது, பட்டுக்கும் கம்பளிக்கும் அது சேர்க்காத வகையே வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பஞ்சு பொதிந்த ஹேங்கர்களும் நல்லவையே.

உள்மடிப்பு:

பழம்பட்டு அவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கிழிந்த உடை பரிசாகாது என்பதை ஏற்க மாட்டேன். தைப்பவருக்கு முழுமையான உடையைவிடச் சிதைந்த உடைதான் நல்ல ஆசான். எனக்கு ஒருவர் கொடுத்த, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கவுனின் மேற்பகுதி ஒன்று என்னிடம் இருக்கிறது. வெளிப்பட்டு தூள்தூளாகிவிட்டது, உள்துணி அப்படியே உள்ளது. தையல் ஓரங்களில் விறைப்புக்காக வைத்த பட்டைகள், அவற்றைப் பிடித்திருக்கும் கைத்தையல், நீண்ட மூட்டுகளில் மட்டும் இயந்திரத் தையல், உடை மேலேறாமலிருக்க உள்ளே தனியாகக் கொக்கியிட்டுக் கட்டும் இடைப்பட்டை என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் கற்றேன். நல்ல நிலையில் இருந்திருந்தால் அதை உள்வெளியாகத் திருப்பவே எனக்குத் துணிவு வந்திராது. இத்தகைய சேதமுற்ற துண்டுகளைச் சேகரிப்பாளர்கள் சீண்டுவதில்லை என்பதால் விலையும் குறைவு. ஆனால் ‘உடுத்துவதற்கு’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ‘ஆராய்வதற்கு’ என்று ஒரு குறிப்பெழுதிக் கொடுங்கள்.

செலவே இல்லாத வழியும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன் சேகரிப்பின் 3,75,000 படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அவற்றில் அக்காவுக்குப் பிடித்த காலத்தின் படம் ஒன்றைத் தேர்ந்து நல்ல தாளில் அச்சிட்டுச் சட்டமிடலாம்.

புதுநூல்:

அனைவருக்கும் நன்றி. ஏலத்திலிருந்து விலகிவிட்டேன். லினன் துணியும் தையல் பெட்டியும் என்று முடிவு செய்திருக்கிறேன். 1940களின் பக்கத்துக்கும் சிறியதாக ஏதேனும் சேர்க்க முடியுமா?

ஊசிமுனை:

பின்புறம் நெடுங்கோடு தெரியும் காலுறை ஒரு சோடி சேருங்கள். பாத அளவு மட்டும் தெரிந்தால் போதும். நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்தது 1940 மே மாதத்தில். விரைவிலேயே நைலான் போர்ப் பயன்பாட்டுக்குத் திருப்பப்பட, பெண்கள் வெறுங்காலில் பென்சிலால் கோடு வரைந்துகொண்டு காலுறை அணிந்ததுபோல் நடந்தார்கள். இல்லையெனில், விற்காமல் எஞ்சிய பழைய சரக்கில் உலோகப் பல் ஜிப்புகள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். அக்காலக் கவுன்களின் இடப்பக்கத் திறப்புக்கு அவையே பொருத்தமானவை; பிளாஸ்டிக் ஜிப் வைத்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

பழம்பட்டு:

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பரிசைக் கட்டும்போது துணியில் குண்டூசி குத்தி அழகு செய்யாதீர்கள். திறப்பதற்குள் துரு ஏறினால் வெள்ளை லினனிலிருந்து அந்தக் கறை எளிதில் போகாது. பருத்தி நாடா கொண்டு கட்டுங்கள். அதையும் அவர் எடுத்து எங்காவது தைத்துவிடுவார்.