பக்கவாட்டு வாசிப்பா, அக்கம்பக்க விசாரிப்பா?

> 'லேட்டரல் ரீடிங்' என்பதற்குப் 'பக்கவாட்டு வாசிப்பு' போதும். மூலச்சொல்லோடு ஒட்டி நிற்கிறது.

வணக்கம் ஐயா,

'லேட்டரல் ரீடிங்', அதாவது ஓர் இணையதளத்தை நம்பலாமா என்று அறிய அதைவிட்டு வெளியே போய்ப் பார்ப்பதற்கு, தமிழில் 'பக்கவாட்டு வாசிப்பு' போதும் என்று எழுதியிருந்தீர்கள். ஒட்டி நிற்கிறதுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னதும், "பக்கத்தோட ஓரத்துல இருக்கறதைப் படிக்கறதுங்களா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பக்கம் என்றால் புத்தகப் பக்கம்தான்.

செயலைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றறிஞர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் என 45 பேரிடம் இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். 2017-ல் முடிவு வந்தது. முதல் இரு தரப்பிலும் பலர் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, முகப்பையும் பெயரையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று வெளியே வந்து, வேறு டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

நம் ஊரில் பெண் கொடுக்கும் முன் செய்வது இதுதானே? மாப்பிள்ளை வீட்டாரையே கேட்டு முடிவெடுப்பதில்லை. "அக்கம்பக்கம் விசாரிச்சீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அதனால் என் முன்மொழிவு: அக்கம்பக்க விசாரிப்பு.

'வாசிப்பு' ஏன் வேண்டாம் என்பதற்குத் திருப்பூரே சாட்சி. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காவல்துறை விளக்கியது. பீகார் அதிகாரிகளே நேரில் வந்து பார்த்தார்கள். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள், தமிழ் பேசுவோரும் இந்தி பேசுவோரும், என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஹைடெக் லேபில் இதை எடுத்தபோது, "ரத்தம் நிஜமா, கிராபிக்ஸா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். சண்டை நிஜம், அதன்மேல் ஒட்டிய வரிதான் பொய். எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அந்தப் பொய் படத்துக்குள் தெரியாது. வெளியே போய்த்தான் கேட்க வேண்டும்.

'விசாரணை' என்று வைக்க வேண்டாம், போலீஸ் வாடை அடிக்கிறது. செய்தியையும் படத்தையும் சோதித்துப் பார்க்கும் திறன் முழுவதற்கும் 'ஊடக எழுத்தறிவு' என்ற பொதுப்பெயரில் எனக்கு மறுப்பில்லை.

கேரளத்தில் 2018-லேயே கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை இனங்காணும் வகுப்புகள் தொடங்கிவிட்டன. நம் பாடநூலில் இது வரும்போது சொல் தயாராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசிரியர் கையேட்டு வரைவில் இதைப் போட்டுவிடலாமா? மறுப்பிருந்தால் சொல்லுங்கள், அப்புறம் மாற்றுவது சிரமம்.