சோழவரம் ரேஸ், மஞ்சள் ஹெரால்டுக்காரர்: நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

புரசை_பழசு

பேர் போட வேணாம், அவர் வீட்டுப் பிள்ளைங்க இன்னும் ஊர்லதான் இருக்காங்க. யாரைச் சொல்றேன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வெள்ளை ஓவரால், கழுத்துல பட்டு ஸ்கார்ஃப், பேடக்ல (ரேஸுக்கு முன்னாடி வண்டிங்க நிக்கற இடம்) அவரைச் சுத்தி எப்பவும் ஒரு கல்யாணக் கூட்டம். எழுபதுகள்ல சலூன் கார் ரேஸ்னா, அதாவது வீட்டுக் காரையே மாத்தி ஓட்டற ரேஸ்னா, பாதி ஜனம் அவரையும் அவரோட மஞ்சள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும் பார்க்கத்தான் வந்தது.

எனக்கு இன்னும் புரியாத விஷயம் ஒண்ணுதான். ரேஸுக்குன்னு வண்டியை உரிச்சு வச்சிருந்தாரு. பின் சீட் இல்ல, தரை விரிப்பு இல்ல, கதவு உள்பக்க அட்டைகூட இல்ல. ஆனா டேஷ்போர்டுல ரேடியோ மட்டும் அப்படியே இருந்தது. ஸ்டார்ட்டுக்கு எல்லாரும் நிக்கறாங்க. பக்கத்து ஃபியட்காரன் ஆக்சிலரேட்டரை மிதிச்சு மிதிச்சு உறும விடறான். இவர் ஜன்னல்ல முழங்கையை வச்சுக்கிட்டு, நிதானமா ரேடியோ குமிழைத் திருகி ஸ்டேஷன் தேடறாரு! சிலோன் ரேடியோ பாட்டு எனக்கே கேட்டது. கொடி இறங்கற நேரத்துலகூட ஒரு கை ரேடியோலதான் இருந்தது.

ஒவ்வொரு கிலோவையும் கழட்டிப் போடற மனுஷன் அதை மட்டும் ஏன் விட்டாரு? யாராவது கேட்டிருக்கீங்களா?

ஜிபி_ரோடு_பட்டறை

சார், பாட்டெல்லாம் கேட்டிருக்க முடியாது. அந்த ரேடியோவுக்கு முகம் மட்டும்தான், உள்ள வெறும் கூடு. செட்டைக் கழட்டி எடுத்ததே எங்கப்பாதான். "முன்பக்கத்தை மட்டும் திருப்பி மாட்டிடுப்பா"ன்னு சொல்லி மாட்ட வச்சாரு. குமிழ் சும்மா சுத்தும்.

அவர் ஷோ காட்டறவர்னு எல்லாரும் சொல்றதால என் பக்கத்தையும் சொல்லிடறேன். ரேஸுக்கு முந்தின ராத்திரி. பட்டறையை மூடப் போற நேரம். ஏதோ பார்ட்டியிலேர்ந்து கோட்டு சூட்டோட வந்து இறங்கினாரு. கூட வந்தவங்களை வண்டி ஏத்தி அனுப்பிட்டு பானெட்டைத் தூக்கினாரு. ஹெரால்டு பானெட் தெரியுமில்ல, மட்கார்டோட சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னாடி சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்தக் கோட்டோடயே டயர் மேல உட்கார்ந்தாரு. எங்கப்பா செட் பண்ணி வச்ச டேப்பட் (வால்வு இடைவெளி) எல்லாத்தையும் ஃபீலர் கேஜ், அதான் இடைவெளி அளக்கற மெல்லிய தகடு, வச்சு மறுபடி ஒவ்வொண்ணா பார்த்தாரு. பத்து தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல பத்து பங்கு. கேஜை உள்ள விட்டு இழுக்கும்போது கண்ணை மூடிக்குவாரு, பிடிப்பு எப்படி இருக்குன்னு விரல்ல பார்க்கறதுக்கு. கை விளக்கைப் பிடிச்சுட்டு நான் நின்னேன். ஒரு வால்வை மட்டும் மூணு தடவை மாத்தினாரு. எங்கப்பாவுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. போகும்போது, "உன் செட்டிங் சரிதான், எனக்குத்தான் தூக்கம் வரல"ன்னாரு.

காலைல பேடக்ல பார்த்தா "நான் இன்னும் பானெட்டையே திறந்து பார்க்கலப்பா"ன்னு ஜனங்ககிட்ட சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு.

புரசை_பழசு

பாட்டு கேட்டது சார். என் காது நல்லா இருந்த காலம் அது.

ஜிபி_ரோடு_பட்டறை

ஸ்டாண்டுல யாரோ டிரான்சிஸ்டர் வச்சிருந்திருப்பாங்க. செட் ரொம்ப நாள் எங்க வீட்டு அலமாரியிலதான் இருந்தது, வேற என்ன சொல்ல.

மயிலை_மாமி_இல்லை

நீங்கள் சொல்லும் கல்யாணக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கல்லூரித் தோழியின் சொந்தக்காரர் அவர், அப்படித்தான் பேடக்குக்குள் போக முடிந்தது. ரேஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிபன் கேரியரும் குடையுமாக சோழவரத்துக்குப் பிக்னிக் வந்தவர்கள் நாங்கள்.

பிராக்டீஸ் ஆரம்பிக்கும் முன் என் கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். "கோட்டைத் தாண்டும்போது அமுக்கும்மா, அடுத்த தரம் தாண்டும்போது மறுபடி அமுக்கு, அவ்வளவுதான்." கொஞ்சம் நகர்ந்தவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "எல்லார் முன்னாடியும் கேட்பேன். அப்போ ஒரு செகண்ட் கூட்டிச் சொல்லு."

எனக்கு ஆச்சரியம். குறைத்துச் சொல்லச் சொன்னால் அது பெருமைக்கு. கூட்டிச் சொல்ல ஏன் சொல்கிறார்? அவர் வந்து இறங்கியதும் சத்தமாகக் கேட்டார், நானும் ஒரு செகண்ட் சேர்த்துச் சொன்னேன். "அய்யோ, வண்டி இன்னிக்கு ஒத்துழைக்கலையே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பக்கத்து கொட்டகையில் ஃபியட் ஓட்டுகிறவர்களின் ஆட்கள் நின்றிருந்தார்கள், அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு வந்து, "நிஜம் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். அந்த முகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் ரேஸில் என்ன ஆனது என்பதை மற்றவர்கள் எழுதட்டும். அதற்குள் மழை மேகம் என்று எங்களை வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

சோழவரம்_உள்ளூர்

எல்லாரும் பேடக் கதையே எழுதறீங்க. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னவங்க கதையையும் கேளுங்க. இந்த ஓடுதளம் ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான தளம், அதுக்கப்புறம் ராணுவ நிலம். ஆடு மாடு மேய்ச்சவங்க நாங்க. வருஷத்துல ரேஸ் நாள் வந்தா மட்டும் வைக்கோல் கட்டு, சவுக்குக் கட்டை ஸ்டாண்டு, செங்குன்றத்துலேர்ந்து பஸ் பஸ்ஸா ஜனம். எங்கப்பா பானைல மோர் வைப்பாரு.

ஹெரால்டு ஹேர்பின் வளைவுல சுத்திக்கிட்டு வைக்கோல்ல வந்து சொருகிச்சு. ஆள் இறங்கினாரு, ஒரு கீறல் இல்ல. ஸ்கார்ஃபைச் சரி பண்ணிட்டு நேரா எங்கப்பா பானைக்கு வந்தாரு. "எல்லாருக்கும் ஊத்துப்பா, என் கணக்கு"ன்னாரு. வேலிப் பக்கம் நின்ன அத்தனை பேருக்கும் ஊத்தினாரு அப்பா. பானை காலி. காசு? ரேஸ் ஓவரால்ல ஏது காசு. ஸ்டாண்டுல ஒருத்தரைக் கை காட்டி, "அவர்கிட்ட வாங்கிக்க." அவர்கிட்ட போனா இன்னொருத்தரைக் காட்டினாரு. அவர் சாயந்திரம் வரச் சொன்னாரு. சாயந்திரம் மைதானத்துல காகிதக் குப்பைதான் இருந்தது.

இன்னிக்கும் எங்க வீட்ல யாராவது கடன் வாங்கிட்டுத் தராம இழுத்தா "ஹெரால்டு கணக்கு"ன்னுதான் சொல்லுவோம். இதுல வேடிக்கை என்னன்னா, எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் அவர் மேல கோபமே கிடையாது. "என்னா ஸ்டைலா குடிச்சாரு தெரியுமா"ன்னுதான் சொல்லுவாரு. கோபமெல்லாம் எனக்குத்தான்.

கோவை_ரெண்டு_கார்ப்பரேட்டர்

என்ர கதை ஒரு வரிதானுங்க. சின்னப் பையனா வேலிக்குப் பக்கத்துல நின்னேன், அவர் கை காட்டுனாரு, நானும் காட்டுனேன்.

ஆனா மேல உள்ளூர் அண்ணன் எழுதுன சுத்தலைப் பத்திச் சொல்லோணும். அது ஓட்டுனவர் தப்பு இல்லீங்க. ஹெரால்டுல பின் சக்கரம் ஒவ்வொண்ணும் தனியா ஆடற ஸ்விங் ஆக்ஸில், குறுக்கால ஒரே பட்டை ஸ்ப்ரிங்கு. வேகமா வளைவுக்குள்ள போயிட்டு திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டீங்கன்னா பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ள மடங்கும், வண்டி பம்பரமாச் சுத்தும். நம்மூர் ஆளுகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது புடிக்கலைன்னுதான் ஸ்டாண்டர்டு கம்பெனி 1972-ல கெஸல்ங்கற அடுத்த காரை விடும்போது நேர் ஆக்ஸிலுக்கே போயிருச்சு. இன்ஜின் அதே 948 சிசிதானுங்க. ஃபியட்டுக்கு 1089. அந்த வித்தியாசத்தை வெச்சுக்கிட்டு அவர் எப்படிப் போட்டி போட்டாருன்னு நினைச்சுப் பாருங்க. ஹெரால்டுக்கு இருந்த ஒரே லாபம், 25 அடியில திரும்பீரும்.

இங்க யாராச்சும் ஹெரால்டு வாங்கோணும்னு இருந்தீங்கன்னா, யாரும் கேக்கலைன்னாலும் சொல்லீர்றேன். பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்துறாதீங்க. இது தனி சேஸிஸ் வண்டி, பாடியைத் தாங்கற பக்கவாட்டுக் கைகளை ஸ்க்ரூடிரைவர்ல குத்திப் பாருங்க, பொத்துனு உள்ள போச்சுன்னா வெலை பேசாம வந்துருங்க. முன் சக்கர ட்ரன்னியனுக்கு (சக்கரம் திரும்பற கீழ் மூட்டு) கிரீஸ் அடிக்காதீங்க, கியர் ஆயில்தான் விடோணும். கிரீஸ் அடிச்சு அடிச்சுத்தான் பாதி வண்டிக நடுரோட்டுல சக்கரத்தை மடக்கீட்டு உக்காந்துச்சு. பானெட் சாயற கீல் ரெண்டையும் ஆட்டிப் பாருங்க. பின் ஸ்ப்ரிங்கு தொங்கிப்போய் சக்கரம் ரெண்டும் மேல் பக்கம் உள்ள சாஞ்சு நின்னா பட்டையை மாத்தீருங்க, "பழைய வண்டி அப்படித்தான் நிக்கும்"னு சொல்றவன் பேச்சை நம்பாதீங்க. சென்னையில பழைய பாகம் விக்கற புதுப்பேட்டைக்குப் போனீங்கன்னா பழைய பாகத்தைக் கையில எடுத்துட்டுப் போங்க, வாயில சொன்னா கெஸலோடதைக் குடுத்துருவாங்க. கார்ப்பரேட்டர் ஃப்ளோட் கிண்ணத்தை மாசம் ஒருக்கா கழுவுங்க. மிச்சத்தைத் தனியா எழுதறேனுங்க.

ஜிபி_ரோடு_பட்டறை

தலைப்பு ஹெரால்டு பராமரிப்பு இல்லீங்க அண்ணா. ட்ரன்னியன் விஷயம் நூத்துக்கு நூறு சரி, அது வேற.

கட்டுக்குருந்தை_நினைவு

நான் கொழும்பில இருந்தனான். எங்களுக்குக் கட்டுக்குருந்தை, களுத்துறைப் பக்கம், அதுவும் பழைய விமான ஓடுபாதைதான். எங்கட ஆக்களும் சோழவரத்துக்குப் போய் ஓடியிருக்கினம். அப்பிடிப் போன ஒருவருக்கு உதவியாளா நானும் கூட வந்தனான்.

எங்கட காரில ஃபேன் பெல்ட் அறுந்து போச்சு. கையில வேற இல்லை, கடையளும் பூட்டு. இந்த மஞ்சள் கார்க்காரர் தன்ர பெட்டியத் திறந்து ரெண்டு பெல்ட் எடுத்துத் தந்தவர். ரெண்டும் அளவு சரியில்லை. அப்ப தன்ர சொந்தக் காரைப் பார்த்தார். நாங்கள் வேண்டாம் எண்டு சொல்ல முந்தியே கழட்டத் தொடங்கிட்டார். ரேஸுக்குக் கொண்டந்த கார் இல்லை, வீட்டில இருந்து ஓடிவந்த கார், அதில பார்ட்டிக்குப் போற உடுப்போட ஒரு அம்மா இருந்தவ. அவவின்ர முகத்தை நினைச்சா இப்பவும் சிரிப்பு வரும். எப்பிடி வீட்டுக்குப் போனவை எண்டு எனக்குத் தெரியாது.

மோர்க் கணக்கு எழுதின தம்பி கோவிக்க வேண்டாம். மனுசன் கையில காசு வச்சிருக்கிறதை நானும் காணேல்லை. ஆனா கஞ்சன் இல்லை.

சோழவரம்_உள்ளூர்

கஞ்சன்னு நான் சொல்லலீங்களே. தரலன்னுதான் சொன்னேன். பெல்ட் கொடுத்தது நல்ல மனசு. மோர்க் காசு வேற.

டைம்கீப்பர்_கொட்டகை

எல்லாரும் அவரை ரொம்பத் தூக்கறீங்க. நான் அங்க அதிகாரிகளுக்கு எடுபிடி. ஒழுங்கா ஒரு சீசன்கூட முழுசா ஓட்டினதில்லை அவர். காலைல ஸ்க்ரூட்டினிக்கு, அதான் ரேஸுக்கு முந்தின பரிசோதனைக்கு, நேரத்துக்கு வந்ததா சரித்திரமே கிடையாது. ஹெல்மெட் ஸ்ட்ராப் பரிசோதனைக்கு நான் போய்க் கூப்பிடணும், ஐயா ஃபோட்டோவுக்கு நின்னுட்டு இருப்பாரு. ஸ்டாப்வாட்ச் அம்மா சொன்ன தந்திரமும் பலிக்காது, எங்க கொட்டகையில டைம் எழுதி ஒட்டிடுவோம். யார் வேணும்னாலும் வந்து படிச்சுக்கலாம்.

பந்தாவுல அவரை அடிச்சவங்களும் வந்தாங்க. கோண்டல் ராஜகுடும்பத்து வண்டிங்க இறங்கும்போது பேடக்கே வாயைப் பிளக்கும். அப்புறம் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அப்புறம் சலூன் ரேஸுக்கு உட்காருவானா? என்சைன் சுத்து முடிஞ்சதும் ஸ்டாண்டு பாதி எழுந்து சாப்பிடப் போயிடுச்சு. அடுத்து ஹெரால்டு, ஃபியட் எல்லாம் வரிசைல நிக்குது. இவர் கண்ணாடியை இறக்கி, எழுந்து போற ஜனத்தைப் பார்த்து ஒரு சல்யூட் வச்சாரு. அதை மட்டும் நான் ஒத்துக்கறேன், நல்லா இருந்தது.

நிஜமாவே இந்த விளையாட்டுக்கு உழைச்சவர்னா கரிவரதன். கோயமுத்தூர் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை, அவரும் நினைச்சிருந்தா ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு நின்னிருக்கலாம். மாருதி 800 இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதி வண்டியைக் கட்டினாரு, மகாராஜா இல்லாதவனும் ஒத்தை சீட்டு வண்டி ஓட்டலாம்னு ஆச்சு. நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினது அதுலதான், 2005-ல அந்தப் பையன் ஃபார்முலா ஒன்னுக்கே போயிட்டான். கரி 1995-ல விமான விபத்துல போயிட்டார். அவர் பேர்ல கோவைல தடம் இருக்கு. உங்க ஹெரால்டுக்காரர் பேர்ல என்ன இருக்கு?

கோவை_ரெண்டு_கார்ப்பரேட்டர்

கரி சாரைச் சொன்னதுக்கு நன்றிங்க. ஆனா ரெண்டு பேரையும் எதுக்குங்க தராசுல வெக்கறீங்க? கூட்டம் வந்தாத்தானே கேட்டுல காசு, காசு இருந்தாத்தானே ரேஸு. கூட்டத்தைக் கொண்டாந்தவர் இவரு.

புரசை_பழசு

1990-ல இருங்காட்டுக்கோட்டையில புதுத் தடம் திறந்தப்ப போயிருந்தேன். வளைவெல்லாம் ஒழுங்கா, வேலியெல்லாம் உயரமா, ஜனம் எட்டத்துல. அவரும் வந்திருந்தாரு, பார்வையாளராத்தான். முடி நரைச்சு, ஸ்கார்ஃப் மட்டும் இருந்தது. பக்கத்துல போய், "சார், ஹெரால்டு ரேடியோ..."ன்னு ஆரம்பிச்சேன். அவர் என்னைப் பார்க்காம தடத்தையே பார்த்துக்கிட்டு, "என்ன பாட்டு ஓடுச்சு?"ன்னு கேட்டாரு. எனக்குப் பட்டுனு வரல. "ஞாபகம் வந்தா சொல்லுங்க"ன்னு தோளைத் தட்டிட்டு நகர்ந்துட்டாரு. அதனாலதான் இங்க வந்து கேட்டேன்.

ஜிபி_ரோடு_பட்டறை

உங்களையும் ஏமாத்திட்டாரு சார்.

மயிலை_மாமி_இல்லை

டைம்கீப்பர் சாருக்கு: நீங்கள் ஒட்டியது சனிக்கிழமை மதிய டைம். எனக்கு வாட்சைக் கொடுத்தது விடியற்காலை, உங்கள் கொட்டகையில் ஆளே வரவில்லை.

டைம்கீப்பர்_கொட்டகை

அந்த நேரத்துல தடத்துல வண்டி இறக்கவே அனுமதி கிடையாதே அம்மா! யார் கேட்டைத் திறந்தது?

சோழவரம்_உள்ளூர்

எங்கப்பாதான்.