கோணேசர் மலையை மெய்நிகரில் காட்டப்போய்

உப்புவெளியான்:
திருகோணமலையின் கோணேசர் மலையையும் பிரெட்ரிக் கோட்டையையும் மெய்நிகர் ஹெட்செட்டில் சுற்றிப் பார்க்கும் செயலிக்கு இடைமுகம் வடிவமைக்கிறேன். கடல், கோட்டை மதில், உள்ளே திரியும் மான்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. வழிக்கு வராதது எழுத்துத்தான். பலகையில் 'கோணேசர்' என்று போட்டால், 'க'வுக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் ஒட்டிக்கொள்கிறது. நான் பாவிக்கும் யுனிட்டி மென்பொருளில் எழுத்தைக் காட்டும் பகுதியான டெக்ஸ்ட்மெஷ் புரோ, யுனிகோடு வரிசைப்படியே எழுத்துகளை அடுக்கும். கொம்பை இடம் மாற்றத் தெரியாது. சிங்களப் பலகைக்கும் இதே கதிதான். படமாக ஒட்டினால் கிட்டப் போனதும் கலங்குகிறது. யாராவது தாண்டியிருக்கிறீர்களா?

கிண்ணியாக்காரன்:
அண்ணா, நம் பழைய பாமினி எழுத்துரு இருக்கிறதே! அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவோம்: கொம்பு, 'க', பிறகு கால். இடமாற்றமே தேவையில்லை. யுனிகோடு பாடத்தைப் பாமினிக்கு மாற்றி, அந்த எழுத்துருவை ஏற்றிப் பாருங்கள். எனக்குச் சரிவந்தது. தேடல் வசதி கிடைக்காது, ஆனால் பலகைக்கு அது எதற்கு?

எழுத்து சரியானாலும் அதை எங்கே வைப்பது என்பது வேறு தலையிடி. உம்மாவுக்கு ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அதன் மெனு பார்வையோடு பூட்டப்பட்டது. "எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது, இதைக் கழற்று மகன்" என்றார். ஹெட்செட் வில்லையின் குவியத் தூரம் மாறாது. கிட்டப் பொருளுக்குக் கண்கள் உள்நோக்கித் திரும்பினாலும் குவியம் கூடவே வராது. அதனால்தான் கண் உளைச்சல். அரை மீற்றருக்குக் கிட்ட எதையும் வாசிக்க வைக்காதீர்கள். பலகையைச் சுவரிலோ கம்பத்திலோ நட்டுவிடுங்கள், ஆள் திரும்பினால் திரும்பட்டும்.

நிலாவெளி மாணவி:
நானா, உங்கள் உம்மா சொன்னதுதான் சரியான மதிப்பீட்டறிக்கை! என் மாமா கடற்றொழிலாளி, எந்த அலையிலும் வாந்தி எடுக்காதவர். ஜோய்ஸ்டிக்கால் வழுக்கிக்கொண்டு, மலைப் பாறையில் பிளவாக இருக்கும் இராவணன் வெட்டுப் பக்கம் போனதும் கதிரையைப் பிடித்துக்கொண்டார். கண் 'போகிறோம்' என்கிறது, உட்காது 'இல்லை, நிற்கிறோம்' என்கிறது. படகில் அடிபட்ட உடம்புக்கும் இந்தப் பொய் புதிது. பிறகு கைக்கருவியிலிருந்து நீளும் கதிரால் இடத்தைக் காட்டித் தாவும் முறையைக் கொடுத்தோம். திரும்புவதையும் 30 பாகை வெட்டு வெட்டாக வைத்தோம். நிம்மதியாகச் சுற்றினார். விளிம்புக்கு அப்பால் கதிர் சிவப்பாக மாற வேண்டும் என்ற யோசனையும் அவருடையதுதான்.

உப்புவெளியான்:
பாமினி கைகொடுத்தது, நன்றி. தங்கச்சி, சிவப்புக் கதிரை நானும் எடுத்துக்கொள்கிறேன். இப்போது அடுத்த சிக்கல்: சற்றுத் தள்ளி நின்றால் 'ண'வின் சுழிகள் ஒன்றாகி 'ன' போலத் தெரிகின்றன. கோணேசரைக் 'கோனேசர்' என்று வாசிக்க விட முடியுமா? கூகுள் 2017இல் சொன்ன அளவுமுறையைப் பிடித்திருக்கிறேன்: ஒரு மீற்றரில் 1 மில்லிமீற்றர் என்றால் மூன்று மீற்றரில் 3. தூரத்துக்கு ஏற்ப எழுத்தும் வளரும். எவ்வளவில் தொடங்குவது என்பதை ஆங்கில எழுத்தை வைத்துத் தீர்மானிக்காமல், 'ண'வின் சுழிகள் பிரிந்து தெரியும் வரை கூட்டிக்கொண்டே போகிறேன்.